கசையடிக்கு விலக்கு, கடும் உழைப்புக்கு இல்லை

1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, சிறை விதியை மீறும் கைதிக்குரிய தண்டனைகளை அடுக்குகிறது: கைவிலங்கு, கால்விலங்கு, தனிக்கொட்டடி, கசையடி. பெண்களுக்கு விலங்கும் கசையடியும் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் சவுக்கைத் தொடாமலே ஒரு பெண்ணை உருக்குலைக்கச் சிறையால் முடியும். அதற்கு நம்மவரிடமே சான்று உண்டு.

கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று 1913இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொதித்தெழுந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர் மீது விதித்த மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யத் தொழிலாளரைத் தூண்டினர். கிடைத்தது மூன்று மாதக் கடுங்காவல். மாரிட்ஸ்பர்க் சிறையில் அவர்களுக்கு இட்ட வேலை துணி வெளுப்பது. உணவோ வாயில் வைக்க முடியாதது. வெளியிலிருந்து வாங்கிக் கொடுக்கவும் நெடுநாள் அனுமதியில்லை. கைக்குழந்தையோடு உள்ளே போனவர்களும் உண்டு. தில்லையாடி வள்ளியம்மை கொடுங்காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். வயது பதினாறு. அவர் தியாகத்தைப் போற்றுகிற நாம் அந்தச் சிறைச் சோற்றைப் பற்றிப் பேசுவதில்லை. நலிந்த உடம்புக்கு நல்ல உணவை மறுப்பது தீர்ப்பில் எழுதப்படாத தண்டனை.

1930இல் ருக்மிணி லட்சுமிபதி உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகச் சிறை புகுந்தார். கடலூர் அஞ்சலையம்மாள் கருவுற்றிருந்தபோதே வேலூர்ச் சிறையில் கிடந்தார். அந்த வேலூரில்தான் விடுதலைப் போராட்டக் கைதியாக இருந்த துர்காபாய், கொலைக் குற்றத்துக்காக அடைபட்டிருந்த ஏழைப் பெண்களைக் கண்டார். தம் வழக்கின் தன்மைகூட அவர்களில் பலருக்குப் புரிந்திருக்கவில்லை. சட்டம் படிக்க வேண்டும் என்ற உறுதி அவருக்கு அங்கே பிறந்தது. தலைவர்களின் சிறைவாசத்தை வரலாறு எழுதிவைத்தது. அந்தப் பெண்களின் பெயர்கூட நம்மிடம் இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டமும் கடும் உழைப்போடு கூடிய சிறையை அப்படியே வைத்திருக்கிறது. அந்த உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் கூறியது. தாயோடு பிள்ளை ஆறு வயதுவரை சிறையில் இருக்கலாம் என்று 2006இல் கூறியது. ஆறு முடிந்த பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போகிறது. மணமேல்குடிப் பக்கத்துப் பாட்டி அதை அழைத்துக்கொண்டு திருச்சி பெண்கள் சிறைக்கு மனுப் போட்டுத் தாயைப் பார்க்க வந்தால், போக மட்டும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. தாயின் கூலி முதலில் சேர வேண்டிய இடம் அந்தப் பாட்டியின் கை.