கெட்ட செய்தி வந்த வருடம்: ஸ்போர்ட்ஸ் காரும் சுற்றுலாவும் 1973-74ல் பட்ட பாடு

1973 செப்டம்பர். ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் கார் கண்காட்சி. பிஎம்டபிள்யூ நிறுவனம் 2002 டர்போ என்று ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. 170 குதிரைத்திறன். ஐரோப்பாவில் தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார் இதுதான். கண்காட்சியில் நின்ற காரின் முன்பக்கம் ‘டர்போ’ என்ற எழுத்துக்கள் இடவலமாகத் திருப்பி எழுதப்பட்டிருந்தன. ஏன் தெரியுமா? முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் பின்னால் பார்க்கும்போது அது நேராகத் தெரியும். படித்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட வேண்டியதுதான்!

இது கொஞ்சம் அதிகம் என்று அப்போதே ஜெர்மனியில் எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் அந்தக் காருக்கு வில்லன் வேறு இடத்திலிருந்து வந்தான். அடுத்த மாதமே உலகத்தின் பெட்ரோல் கணக்கு தலைகீழானது. கடைசியில் அந்தக் கார் மொத்தம் 1,672தான் தயாரானது.

பாடப்புத்தகத்தில் ‘எண்ணெய் நெருக்கடி’ என்று இரண்டு வரியில் முடிந்துவிடும் சமாச்சாரம் இது. ஆனால் ஒரு கெட்ட செய்தி வரும்போது சாதாரண மனிதர்கள், கம்பெனிகள், அரசாங்கங்கள் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இரண்டு கனவுகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பா மெல்ல எழுந்தபோது நடுத்தர வர்க்கத்துக்கு இரண்டு ஆசைகள் வந்தன. ஒன்று கார். இன்னொன்று வெயில் அடிக்கும் வெளிநாட்டுக் கடற்கரையில் ஒரு வாரம்.

இரண்டாவது ஆசைக்கு வழி காட்டியவர் விளாடிமிர் ரைட்ஸ். மாஸ்கோவில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். ஹொரைசன் என்ற கம்பெனியைத் தொடங்கி, 1950 மே மாதம் ஒரு டகோட்டா விமானத்தில் கார்சிகா தீவுக்கு ஆட்களைக் கூட்டிப் போனார். விமானம், தங்க இடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்ட் 10 ஷில்லிங். தங்கியது கூடாரத்தில்தான்! மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டும் ஏற்றலாம் என்பது அரசு போட்ட நிபந்தனை. பேக்கேஜ் டூர் என்று இன்று நாம் சொல்வதன் ஆரம்பங்களில் இது முக்கியமானது.

நடுவில் தடையும் வந்தது. 1966ல் பிரிட்டிஷ் அரசு, வெளிநாடு போகிறவர் வருடத்துக்கு 50 பவுண்டுக்கு மேல் செலவுக்குக் கொண்டு போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. 1970 ஜனவரியில்தான் அது நீங்கியது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஸ்பெயினுக்கு மட்டும் 1973ல் எல்லா நாடுகளிலிருந்தும் சேர்த்து 3 கோடிக்கும் அதிகமானோர் போனார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் கனவு இன்னும் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. 1961ல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப்பை மணிக்கு 240 கிலோமீட்டர் போகும் என்று விளம்பரம் செய்தார்கள். அதே வேகத்துக்கு இத்தாலியக் கார்கள் கேட்ட விலையோடு ஒப்பிட்டால் இது மலிவு. மொத்தம் 72,000க்கும் மேல் விற்றது. 1971ல் இதற்கு 12 சிலிண்டர், 5.3 லிட்டர் எஞ்சின் வைத்தார்கள். பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாகும். அதனால் என்ன, பெட்ரோல்தான் தண்ணீர் விலைக்குக் கிடைத்ததே!

அக்டோபர் 17

1973 அக்டோபர் 6 அன்று எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அக்டோபர் 17 அன்று, அரபு எண்ணெய் நாடுகள் கூடி உற்பத்தியைக் குறைக்க முடிவு செய்தன. இஸ்ரேலுக்கு ஆதரவு என்று சொல்லி அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் எண்ணெய் கிடையாது என்று நிறுத்தின. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த விலை, 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது. மூன்றே மாதத்தில் நான்கு மடங்கு!

செய்தி கேட்டவுடன்

முதல் எதிர்வினை பயம். பயம் எங்கே போய் நின்றது என்பதுதான் வேடிக்கை. ஜப்பானில், ஒசாகா பக்கத்தில் உள்ள செங்ரி நியூ டவுனில், காகிதம் தட்டுப்பாடாகப் போகிறது என்ற பேச்சு கிளம்பி, நவம்பர் தொடக்கத்தில் கடை திறக்கும் முன்பே டாய்லெட் பேப்பருக்கு வரிசை நின்றது. அந்த வரிசை செய்தியானது. செய்தியைப் படித்த மற்ற ஊர்க்காரர்களும் வரிசையில் நின்றார்கள். டிசம்பரில் அமெரிக்காவிலும் இதே கூத்து. அங்கே தொலைக்காட்சியில் ஜானி கார்சன் அடித்த ஒரு ஜோக்கே போதுமானதாக இருந்தது. இல்லாத தட்டுப்பாட்டை வாங்கிக் குவித்தே உண்டாக்கிவிட்டார்கள்!

இரண்டாவது எதிர்வினை ஒழுங்கு. நெதர்லாந்தில் நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. மேற்கு ஜெர்மனியில் நவம்பர் 25 தொடங்கி நான்கு ஞாயிறுகள். எல்லையே இல்லாத வேகத்துக்குப் பேர்போன ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஜனங்கள் நடந்தார்கள், சைக்கிள் விட்டார்கள், குதிரை வண்டி ஓட்டினார்கள். போர்ஷே வைத்திருந்தவரும் அன்று நடராஜா சர்வீஸ்தான். பல பேருக்கு அந்த ஞாயிறுகள் இனிமையான ஞாபகமாகவே நின்றன.

மூன்றாவது கோபம். ஜெர்மன் அரசு ஆட்டோபானில் 100 கிலோமீட்டர் வேக வரம்பு கொண்டுவந்தது. சில மாதம்கூட ஆகவில்லை, அங்கே உள்ள பெரிய வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, சுதந்திரக் குடிமக்களுக்குத் தடையற்ற பாதை வேண்டும் என்ற பொருளில் ஸ்டிக்கர் அடித்துப் பிரச்சாரத்தில் இறங்கியது. 1974 மார்ச்சில் வரம்பு போயிற்று. பதிலுக்கு, 130 கிலோமீட்டர் என்பது ஒரு பரிந்துரை மட்டும் என்றானது.

பிரிட்டனில் இன்னும் மோசம். எண்ணெயோடு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டமும் சேர்ந்துகொண்டது. பெட்ரோல் ரேஷன் புத்தகங்களை விநியோகித்தார்கள் (கடைசிவரை பயன்படுத்தவில்லை). சாலைகளில் மணிக்கு 50 மைல் வரம்பு. 1974 ஜனவரி முதல் மார்ச் வரை தொழிற்சாலைகளுக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான் மின்சாரம்.

கார் கம்பெனிகளின் கதி

ஈ-டைப் உற்பத்தி 1974ல் நின்றது. ஆஸ்டன் மார்ட்டின் அந்த வருடக் கடைசியில் கதவைச் சாத்தியது. 1975ல் வேறு கைக்கு மாறிய பிறகுதான் உயிர் வந்தது. மசெராட்டியை வைத்திருந்த சிட்ரோயன், 1975 மே மாதம் அதை இழுத்து மூடப்போவதாக அறிவித்தது. இத்தாலிய அரசின் துணையோடு டி டொமாசோ அதை எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. 7 லிட்டருக்கும் பெரிய அமெரிக்க எஞ்சினைப் போட்டு கார் செய்த ஜென்சன் 1976ல் மூடியது. லம்போர்கினி 1978ல் திவால்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கார்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் விலையேறிய பெட்ரோலையும் வாங்கக் கூடியவர்கள்தான். ஆனால் எல்லோரும் சிக்கனம் பிடிக்கும்போது இப்படி ஒரு காரில் போய் இறங்குவது பார்ப்பவர் கண்ணை உறுத்தும். போதாததற்குப் பங்குச் சந்தையும் சரிந்துகொண்டிருந்தது. அவர்கள் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். தள்ளிப்போட்டவருக்கு ஒரு ஆசை நஷ்டம். காரைச் செய்த தொழிலாளிக்கு வேலையே நஷ்டம்.

விடுமுறையில் போனவர்கள்

வருடம் முழுக்கச் சேர்த்து ஒரு வாரம் ஸ்பெயின் போகிறவர் கதைதான் பாவம். பிரிட்டனில் கிளார்க்சன்ஸ் என்ற பெரிய டூர் கம்பெனி, போட்டியில் விலையைக் குறைத்துக் குறைத்து நஷ்டத்தில் ஓடியது. அதை 1973ல் கோர்ட் லைன் என்ற விமான, கப்பல் கட்டும் கம்பெனி வாங்கியது. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று பளிச் வண்ணத்தில் விமானம் பறக்கவிட்ட கம்பெனி அது. ரைட்ஸ் தொடங்கிய ஹொரைசனும் 1974ல் அதே கைக்குப் போனது. விமான எரிபொருள் விலை ஏறியது, டிக்கெட் பதிவு குறைந்தது. கம்பெனி தள்ளாடுகிறது என்று பேச்சு பரவியது.

1974 ஜூன் 26. தொழில்துறை அமைச்சர் டோனி பென் நாடாளுமன்றத்தில் எழுந்தார். கோர்ட் லைனின் கப்பல் கட்டும் பிரிவை அரசு எடுத்துக்கொள்ளும், இதனால் இந்தக் கோடையில் பதிவு செய்தவர்களின் விடுமுறை காப்பாற்றப்படும் என்ற பொருளில் பேசினார். ஜனங்கள் நிம்மதியானார்கள். பணம் கட்டினார்கள், கிளம்பினார்கள்.

ஆகஸ்ட் 15 அன்று கம்பெனி விழுந்தது. ஐம்பதாயிரத்தை நெருங்கிய எண்ணிக்கையில் சுற்றுலாப் பயணிகள் அப்போது வெளிநாட்டில். அவர்களைத் திருப்பிக் கொண்டுவர முன்கூட்டியே வைத்திருந்த பிணைத் தொகை உதவியது. ஆனால் பணம் கட்டிவிட்டு இன்னும் கிளம்பாதவர்கள்? அவர்கள் கையில் ரசீதுதான் மிச்சம். அமைச்சரின் பேச்சு மக்களுக்குத் தவறான நம்பிக்கை கொடுத்தது என்று 1975ல் நாடாளுமன்றக் குறைதீர் அதிகாரியின் அறிக்கை குறை சொன்னது.

அதே வாரம் மத்தியதரைக் கடலின் இன்னொரு மூலையிலும் விடுமுறை முடிந்தது. 1974 ஜூலை 20ல் துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கியபோதே கரீனியா கடற்கரையில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டினரை பிரிட்டிஷ் கடற்படை வந்து ஏற்றிப் போனது. ஆகஸ்ட் 14ல் இரண்டாவது தாக்குதல். ஃபமகுஸ்தாவின் வரோஷா பகுதி, ஓட்டல்கள் வரிசை கட்டி நின்ற இடம், ஒரே மூச்சில் காலியானது. சுற்றுலாப் பயணிகளுக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் சில நாளில் திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர்கள். அதன் பிறகு முள்வேலிதான். 2020 அக்டோபரில் ஒரு பகுதி பார்வைக்குத் திறக்கப்பட்டது.

என்ன மிஞ்சியது?

கோர்ட் லைன் விழுந்ததன் விளைவாக பிரிட்டனில் 1975ல் விமானப் பயணக் காப்பு நிதிக்குச் சட்டம் வந்தது. பணம் இழந்தவர்களுக்கு அதிலிருந்து ஈடு கிடைத்தது. டூர் கம்பெனி திவாலானால் பயணியின் பணம் பத்திரம் என்ற ஏற்பாடு அங்கே வலுப்பட்டது இப்படித்தான். 2019ல் தாமஸ் குக் மூழ்கியபோது 1,50,000 பேருக்கு மேல் வீடு திரும்பியதற்கு வேர் 1974ல் இருக்கிறது.

நம் பக்கத்துக்கும் ஒரு விளைவு உண்டு. நான்கு மடங்கான விலை வளைகுடா நாடுகளில் பணமாய்க் குவிந்தது. அங்கே சாலையும் துறைமுகமும் கட்டடமும் கட்ட ஆள் தேவைப்பட்டது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கில் விமானம் ஏறினார்கள். ஐரோப்பியருக்கு வெளிநாட்டு விடுமுறை எட்டாமல் போன அதே காரணத்தால், நம் கிராமத்துக்காரர் முதன்முதலாக வெளிநாடு பார்த்தார், ஆனால் வேலைக்காக.

கெட்ட செய்தி வந்த அந்த இரண்டு வருடத்தில் டாய்லெட் பேப்பருக்கு ஓடியவர்கள் ஏமாந்தது சில்லறைக் காசு. ஞாயிற்றுக்கிழமை காரை நிறுத்திவிட்டு நடந்தவர்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. பெரிதாக ஏமாந்தது, பயப்படாதீர்கள் என்று மேலிடம் சொன்னதை நம்பிப் பணம் கட்டியவர்கள்தான். அடுத்த முறை எங்காவது ஒரு கம்பெனி தள்ளாடும்போது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாராவது மேடையேறிச் சொன்னால், அதற்கு எழுத்தில் உத்தரவாதம் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.