ரேடியோ ரூமும் ரேடியோ நெல்லும்

போன வாரம் பூரா வீடு நெறைய ஆளு. பெரியவன் குடும்பத்தோட வந்திருந்தான், தங்கச்சியும் மாப்பிள்ளையும் வந்தாங்க. காலையில ஆத்துக் குளியல், சாயந்திரம் திண்ணையில அரட்டை. அதான் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல.

ஒருநாள் பேத்தி கேட்டா, "தாத்தா, கோயில் பக்கத்துல அது என்ன குட்டி வீடு?"ன்னு. ஓடு சரிஞ்சு, உள்ளே ஆடு படுத்துக் கெடக்குற அந்த ரூம்தான் எங்க ஊரு பஞ்சாயத்து ரேடியோ ரூம். இடிச்சிட்டு தண்ணி டேங்கு கட்டப் போறதா பேச்சு. அதுக்குள்ள எழுதி வெச்சிடணும்னு தோணுச்சு.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாசம் ஆரம்பிச்சது. அப்போ வீட்டுல ரேடியோ வெச்சிருக்கவங்க ஊருக்கு ஒருத்தர் இருந்தா பெரிசு. தபாலாபீசுல லைசென்ஸ் வேற எடுக்கணும். பஞ்சாயத்து ரேடியோ வந்தப்புறம்தான் எங்கள மாதிரி ஆளுங்களுக்குக் காது கெடச்சுது. பொழுது சாய ரூமைத் தொறந்து போடுவாங்க. ஆம்பளைங்க துண்ட விரிச்சு மணல்ல உக்காருவாங்க, பொம்பளைங்க வேப்பமரத்தடியில நிப்பாங்க. சேதி, நாடகம், பாட்டு. இலங்கை வானொலி கேக்கணும்னா மட்டும் டீக்கடைக்குப் போகணும். பஞ்சாயத்துப் பொட்டியில திருச்சி ஒண்ணுதான்.

1966 வாக்குல திருச்சி நிலையம் விவசாயத்துக்குன்னு தனியா நிகழ்ச்சி போட ஆரம்பிச்சுது. அப்போ தஞ்சாவூர் ஜில்லாவுல குருவைக்குன்னு புதுசா வந்தது ஆடுதுறை 27. ஜப்பான் நெல்லையும் நம்ம நெல்லையும் கலந்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துல உண்டாக்குனது. வயசு சுமார் 105 நாள். நாத்து விடுறது, உரம் வெக்கிறது எல்லாத்தையும் ரேடியோ நாள் தவறாம சொல்லுச்சு. ஜனங்க அதுக்கு 'ரேடியோ நெல்லு'ன்னே பேரு வெச்சிட்டாங்க. ஆடுதுறை 27ன்னா எங்கம்மாவுக்கு இன்னைக்கும் புரியாது, ரேடியோ நெல்லுன்னாதான் தெரியும்.

அம்மா அப்போ கல்யாணமாகி வந்த புதுசு. அவங்க சொன்னதுதான் மிச்சக் கதை. அப்பா புது நெல்லு போடணும்னு நின்னாரு. தாத்தா, "பொட்டி சொல்றதக் கேட்டு எவனாவது வெவசாயம் பண்ணுவானா?"ன்னுட்டு, வாய்க்கா ஓரமா ஒரு மா மட்டும் விட்டாரு. அந்த ஒரு மாவுல கண்ட கண்டுமொதல்ல தாத்தா வாயடைச்சுப் போயிட்டாரு. அடுத்த வருஷம் மொத்த நெலத்துலயும் அதேதான்.

அறுக்குற நேரத்துல விடாத மழை. இந்த நெல்லுக்கு ஒரு கொறை, விதை உறக்கம் கெடையாது. ஈரம் பட்டா கதிர்லயே மொளைச்சிடும். சாஞ்ச பயிரு நின்ன எடத்துலயே பச்சையா மொளை விட்டுடுச்சாம். அம்மாவோட சங்கிலி அந்த வருஷம் அடகுக்குப் போச்சு. மூணு வருஷம் கழிச்சுத்தான் மீட்டாங்க.

"தாத்தா திட்டுனாராம்மா?"ன்னு தங்கச்சி கேட்டா.

"ஒரு வார்த்தை சொல்லல. மாமாதான் மொளைச்ச நெல்லைப் பிரிச்சு மாட்டுக்குப் போட்டாங்க. ஒங்கப்பா ஒரு வாரம் ரேடியோ ரூம் பக்கமே போகல. அப்புறம் மாமாவே, போய் மழை எப்ப விடும்னு கேட்டுட்டு வாடான்னு அனுப்பிவிட்டாங்க."

இந்தக் கதை எனக்கே இத்தனை வருஷமா தெரியாது. அப்பா ஒருநாளும் சொன்னதில்ல. சாகுற வரைக்கும் சாயந்திரமானா ரேடியோவத் திருப்பிக்கிட்டேதான் இருந்தாரு.

மறுநாள் பேத்தியக் கூட்டிக்கிட்டு அந்த ரூமுக்குப் போனேன். பொட்டி எப்பவோ காணாமப் போச்சு. அது இருந்த செவுத்து மாடமும், மேலே ஒலிபெருக்கி கட்டுன இரும்புக் கொக்கியும் அப்படியே இருக்கு. இடிக்கிறப்போ அந்தக் கொக்கிய எனக்குக் குடுத்துடுங்கன்னு தலைவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். சிரிச்சாரு. தரேன்னு இன்னும் சொல்லல.