நஞ்சுமுறி மருந்துக்கு முன் தோல் சோதனை: காப்பா, தாமதமா?

திண்டுக்கல்–கரூர் ரயில் பாதையில் உள்ள எரியோடு போன்ற சமவெளி ஊர்களில், காட்டு வேலைக்குப் போவோருக்குப் பாம்புக்கடி தொழிலோடு ஒட்டிய ஆபத்து. கடிபட்டவரை வேடசந்தூருக்கோ திண்டுக்கல்லுக்கோ கொண்டு சேர்ப்பதற்குள் நேரம் கரைந்துவிடுகிறது. அதன் பின்னும், நஞ்சுமுறி மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கையில் ‘டெஸ்ட் டோஸ்’ போட்டு 20 முதல் 30 நிமிடம் காத்திருப்பது இந்தியாவில் நெடுநாள் வழக்கம். இச்சோதனை நோயாளியைக் காப்பதில்லை. அந்த நிமிடங்களுக்கு உரிய சோதனை வேறொன்று. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

ஒவ்வாமை குறித்த அச்சம் பொய்யன்று. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தே இம்மருந்து தயாராகிறது. குதிரைப் புரதம் மனித உடலுக்கு அந்நியம். இலங்கையில் 1,007 நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் 75 விழுக்காட்டினருக்கு உடனடி எதிர்விளைவு ஏற்பட்டது. எனவே எச்சரிக்கை தேவை என்பதில் ஐயமில்லை. அந்த எச்சரிக்கையைத் தோல் சோதனை தருகிறதா என்பதே கேள்வி.

பெனிசிலின் ஒவ்வாமையில், முன்பு அம்மருந்தைச் சந்தித்த உடல் ‘ஐஜிஇ’ என்னும் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கி வைத்திருக்கும். தோல் சோதனை அதைத்தான் தேடுகிறது. நஞ்சுமுறி மருந்தின் நிலை வேறு. குதிரைச் சீரத்தை வாழ்நாளில் முதன்முறை பெறுவோருக்கும் எதிர்விளைவு வருகிறது. மருந்திலுள்ள புரதத் திரள்கள் முதலியவை ‘காம்ப்ளிமென்ட்’ என்னும் தற்காப்பு அமைப்பை நேரடியாகத் தூண்டுவது இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. தோலுக்குள் செலுத்தும் நீர்த்த துளியில் இதை முன்னறிய வழியில்லை. தோல் சோதனையும் கண் சோதனையும் எதிர்விளைவை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று மலாசித் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1986இலேயே காட்டினர். உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய வழிகாட்டுதல் இச்சோதனையை விலக்கச் சொல்கிறது. வெறிநாய்க்கடிக்கான குதிரைச் சீரத்துக்கும் அந்நிறுவனம் 2018இல் இதையே கூறியது.

சோதனையின் முடிவு எதுவாயினும் சிகிச்சை மாறப்போவதில்லை. கை தடித்தாலும், நஞ்சேறியவருக்கு வேறு மருந்து இல்லாததால் இதைத்தான் கொடுத்தாக வேண்டும். தடிக்காவிட்டால், ஆபத்து நீங்கியது என்ற பொய்யான தெம்பு பிறக்கிறது. போதாக்குறைக்கு, சோதனை ஊசியே உடலை அப்புரதத்துக்கு உணர்திறன் பெறச் செய்யலாம்.

‘ஏதாவது நேர்ந்தால் உறவினர் எங்களைத்தானே கேட்பார்கள், சோதனை போட்டதற்கு ஏட்டில் சான்று வேண்டாமா?’ என்ற மருத்துவர்களின் கவலை நியாயமானது. ஆனால் ஆபத்தை உறவினருக்கு விளக்கியது, மருந்தைத் தொடங்குமுன் அட்ரினலினைத் தயாராக வைத்தது, முதல் ஒரு மணி நேரம் படுக்கையருகே கண்காணித்தது ஆகியவற்றின் பதிவே வலுவான சான்று. இலங்கை ஆய்வில் 89 விழுக்காட்டு எதிர்விளைவுகள் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நிகழ்ந்தன. முன்கூட்டித் தோலடியில் குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தபோது, அந்நேரத்தில் கடும் எதிர்விளைவு 43 விழுக்காடு குறைந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் அப்பயனைத் தரவில்லை. எதிர்விளைவு தொடங்கினால் சொட்டு மருந்தை நிறுத்தி, தொடைத் தசையில் அட்ரினலின் போட்டு, நிலை சீரானபின் தொடர வேண்டும்.

காத்திருக்கத் தகுந்த சோதனை, 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடத்தில் உறையாவிட்டால், கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் நஞ்சு ஏறியதற்கு அது அடையாளம். இமை தொங்குதல் போன்ற நரம்புக் குறிகளையும் உடன் பார்க்க வேண்டும். எல்லாக் கடியிலும் நஞ்சு ஏறுவதில்லை. மருந்து தேவைப்படாதவருக்கு அதைத் தவிர்ப்பதே ஒவ்வாமையைத் தடுக்கும் உறுதியான வழி.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. மருத்துவமனைகள் அதற்காக அனுப்பும் அறிக்கையில் எதிர்விளைவு ஏற்பட்டதா, அட்ரினலின் எப்போது கொடுக்கப்பட்டது என்ற இரு விவரங்களும் இடம்பெற வேண்டும். நஞ்சுமுறி மருந்துக்கான ‘டெஸ்ட் டோஸ்’ நம் மருத்துவமனைகளிலிருந்து முற்றிலும் விலக வேண்டும்.