வெட்டுவது இரும்பல்ல

வீட்டிலே ரைல்ஸ் பதிக்கும் வேலை நடக்கும்போது நேயர்கள் அருகே நின்று பார்த்திருப்பீர்கள். நேர்கோட்டில் வெட்டுவது மேசனுக்கு ஒரு பொருட்டே அல்ல. நீர் சொரியும் வட்ட வாளின் மீது ரைல்ஸைத் தள்ளுகிறார்; அது இரண்டாகிறது. தூணைச் சுற்றியோ குழாயைச் சுற்றியோ வளைவாக வெட்ட வேண்டி வந்தால்தான் அவர் கை தயங்குகிறது. சுழலும் தகடு வளைந்து செல்லாது. எனவே பென்சிலாற் கீறிய வளைவு வரைக்கும் சீப்பின் பற்களைப் போலப் பல நேர்வெட்டுகளை இடுகிறார். அந்தப் பற்களைக் குறட்டினால் ஒடித்தெடுத்து, எஞ்சிய முனைகளை வாளின் விளிம்பிலே தேய்த்து வளைவாக்குகிறார். அங்கே வளைவு வெட்டப்படுவதில்லை, தேய்க்கப்படுகிறது.

இந்தத் தேய்ப்புத்தான் கல்லறுக்கும் தொழிலின் பழைய இரகசியம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி இதைத் தெளிவாகவே எழுதிவைத்தார். சலவைக்கல்லை இரும்பு அறுப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் அறுப்பது மணலே என்பது அவர் கருத்து. வாள் செய்வதெல்லாம் மணலை ஒரு கோட்டிலே அழுத்தி இழுப்பதுதான்.

அப்படியானால் அந்த இரும்பு பட்டையாக இருக்கத்தான் வேண்டுமா? மெல்லிய கம்பியாக இருந்தாலென்ன? இந்தக் கேள்விக்கு அழகான விடை இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலே கிடைக்கிறது. மெடிச்சி வம்சத்துப் பேர்டினாண்டோ என்னும் பிரபு 1588இல் அங்கே அரச பட்டறையொன்றை நிறுவினார். பல நிறக் கற்களை மெல்லிய தகடாக்கி, இதழாகவும் இலையாகவும் பறவையின் சிறகாகவும் அறுத்து, இடைவெளி தெரியாமற் பொருத்துவது அங்கு நடந்த வேலை.

கருவியைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வளைத்த மரக்கொம்பு ஒன்று, அதன் இரு முனைகளையும் இணைக்கும் இரும்புக் கம்பி, அவ்வளவுதான். குழந்தைகள் விளையாடும் வில்லைப் போன்றது. கம்பியிலே பல்லே கிடையாது. கற்றகட்டின் மேல் உருவம் வரைந்த காகிதத்தை ஒட்டி, தகட்டைச் செங்குத்தாகப் பிடிகருவியில் இறுக்கி, நீரிற் குழைத்த உரைபொடியைக் கம்பியிலே தடவித் தடவி அறுப்பார்கள். கம்பி மெலிதாகையால் கோடு போன வழியெல்லாம் அதுவும் போகும். சற்றே சரிவாக அறுப்பதால் முன்பக்கத்து விளிம்புகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்தும். பின்பக்கத்து இடுக்கிலே மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த பசை நிற்கும். இந்த வேலையின் வேகத்துக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். மெடிச்சி பிரபுக்களின் சமாதி மண்டபம் 1604இல் தொடங்கப்பட்டது. அதன் கற்றளம் நிறைவெய்தியது 20ஆம் நூற்றாண்டிலே!

தாஜ்மஹாலின் பூவேலையும் இத்தாலியர் கைவண்ணமே என்று முன்னர் ஆங்கிலேயர் சிலர் வாதாடியதுண்டு. டில்லிச் செங்கோட்டையில் ஷாஜகானின் சிம்மாசனத்துக்குப் பின்னாலுள்ள சுவரிலே புளோரன்ஸ் கற்றகடுகள் பதிக்கப்பட்டுள்ளன என்பது உண்மை. இசைக்கருவி வாசிக்கும் ஓர்பியூஸின் உருவமும் அவற்றில் ஒன்று. ஆனால் அவற்றைச் சூழவுள்ள வேலை மொகலாயக் கல்வினைஞருடையது. தாஜ்மஹாலுக்கு அடித்தளமிட்ட 1632ஆம் ஆண்டுக்கு முன்னரே, ஆக்ராவில் நூர்ஜகான் தன் தந்தைக்கு எழுப்பிய சமாதியிலே வெண்சலவைக்கல்லில் நிறக்கல் பதிக்கும் கலை நன்கு கைவந்திருந்தது. 1857 கிளர்ச்சியின் பின்னர் ஓர்பியூஸ் தகட்டையும் வேறு சிலவற்றையும் பெயர்த்தெடுத்த ஆங்கிலத் தளபதி அவற்றை 500 பவுணுக்குத் தன் அரசாங்கத்துக்கே விற்றார்! லண்டன் நூதனசாலைக்குப் போனவை, கேர்சன் பிரபு வைசிராயாக இருந்த காலத்திற்றான் திரும்பி வந்தன.

இங்கே நமது மொழிக்கும் ஒரு பங்குண்டு. அகேற்று, யஸ்பர் போன்ற கற்களை அறுக்க வெறும் மணல் போதாது. அவற்றிலும் கடினமான பொடி வேண்டும். இந்தியக் கல்வினைஞர் நெடுங்காலம் கையாண்ட அந்தப் பொடி குருந்தக்கல்லின் பொடி. ஐரோப்பியர் இன்று கொரண்டம் என்று வழங்குவது நமது குருந்தம் என்ற சொல்லைத்தான். இரத்தினபுரியின் நீலக்கல்லும் மாணிக்கமும் அதே இனத்தவை. பொடியாகும்போது உரைபொருள், தெளிவாக விளையும்போது இரத்தினம்!

இன்றைய வட்ட வாளிலும் கதை மாறவில்லை. அதன் விளிம்பிலே பதிந்திருக்கும் வைரத் துகள்களே தேய்க்கின்றன. உருக்கு அவற்றைச் சுமந்து சுழல்கிறது. மாறியிருப்பது வேகம். வேகம் கூடியதும் நீரின் பொறுப்பும் கூடிவிட்டது. தகட்டைக் குளிர்விப்பதோடு, எழும் தூசியைச் சேறாக்கி அடக்குவதும் நீரே. 1700இல் தொழில்நோய்கள் பற்றி நூலெழுதிய இத்தாலிய வைத்தியர் இரமாசினி, கல்வெட்டுவோர் உள்ளிழுக்கும் துகள் அவர்களுடைய நுரையீரலிற் படிவதை அப்போதே குறித்தார். அதே நோய்தான் இன்று சிலிக்கோசிஸ் எனப்படுகிறது. சமையலறை மேசைகளுக்குப் பயன்படும் செயற்கைக் கற்பலகைகள் சிலவற்றிலே சிலிக்கா நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலும் இருப்பதுண்டு. அவற்றை அறுத்த இளைஞர் பலர் நோயுற்றதனால், 2024 யூலை முதலாந் திகதி அவுஸ்திரேலியா அப்பலகைகளைத் தடைசெய்தது.

நமது மேசனிடம் திரும்புவோம். நீர்வாள் முற்றத்தில் இருக்கிறது, வளைவோ மாடியில். ஏறி இறங்க நேரமில்லை. கையில் பிடிக்கும் சிறிய இயந்திரத்தால் அங்கேயே, தண்ணீரில்லாமல், அந்த வளைவை முடித்துவிடுகிறார். அறை முழுவதும் வெண்புகை. முகத்திலே கட்டியிருப்பது ஒரு கைக்குட்டை.