ஐந்தில் நான்கு செக்கன்

பரிசோதனை உளவியலின் பிறப்பாண்டு 1879 என்பர். வில்ஹெல்ம் வுண்ட் ஜேர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தமது ஆய்வுகூடத்தைத் தொடங்கியது அவ்வாண்டில்தான். ஆயினும், பேராசிரியரின் அறையிலேயே கதையைத் தொடங்கினால், வேலையிழந்த ஓர் உதவியாளரை மறந்தவராவோம்.

அவர் பெயர் டேவிட் கின்னபுறூக். இங்கிலாந்தின் கிறீன்விச் வானாய்வு நிலையத்திற் பணிபுரிந்தார். தொலைநோக்கியினுள் கட்டப்பட்ட மெல்லிய கம்பியை விண்மீன் கடப்பதைக் கண்ணாற் பார்த்து, கடிகாரத்தின் அடியைக் காதாற் கேட்டு, செக்கனின் பத்திலொரு கூறுவரை கணித்தெழுதுவது அவர் தொழில். 1795 ஆகஸ்டில் அவருடைய கணிப்பு, அரச வானியலாளர் நெவில் மஸ்கெலினுடையதிலும் அரைச் செக்கன் பிந்திற்று. 1796 ஜனவரியில் அது ஐந்தில் நான்கு செக்கனாயிற்று. உதவியாளர் நீக்கப்பட்டார். கடலாண்ட பேரரசின் கப்பல்களுக்கு வழிகாட்டிய அட்டவணைகள் கிறீன்விச்சில் உருவாயின. எனவே மஸ்கெலின் கவலை கொண்டதில் வியப்பில்லை. ஆனால் இருவருள் எவர் பிழைத்தார் என்று அவர் கேட்கவில்லை. தலைவரின் கண்ணும் காதுமே அளவுகோலாயின!

இதனை மஸ்கெலினே அச்சிட்டு வைத்தார். கால் நூற்றாண்டின் பின்னர், கொனிக்ஸ்பேர்க் வானியலாளர் பெஸல் இச்செய்தியை ஆராய்ந்து, தம் கணிப்பைத் தேர்ந்த பிற வானியலாளரின் கணிப்போடு ஒப்பிட்டார். அவர்களிடையேயும் ஒரு செக்கனுக்கு மேற்பட்ட வேறுபாடு தோன்றிற்று. பெரியோரும் தமக்குள் மாறுபட்டபோது அதற்கு ‘ஆளுக்குரிய சமன்பாடு’ என்ற மதிப்பான பெயர் கிடைத்தது. கின்னபுறூக் 1802இலேயே மறைந்துவிட்டார்.

நரம்பின் வேகம் அளக்கவொண்ணாதது என்ற எண்ணத்தை 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தகர்த்தார். தவளையின் நரம்பில் அது செக்கனுக்கு ஏறத்தாழ முப்பது மீற்றரே. காண்பதற்கும் கேட்பதற்கும் காலம் செல்கிறது, அக்காலத்தை அளக்கலாம். அவருடைய உதவியாளராயிருந்த வுண்ட், வானியலாளரின் அப்பழைய சிக்கலையே பரிசோதனைக்குரிய பொருளாக்கினார். லைப்சிக்கில் அளப்பவரும் அளக்கப்படுபவரும் இடம் மாறிக்கொண்டனர்; பேராசிரியரே சோதனைக்கு அமர்ந்ததுமுண்டு. அவ்விஞ்ஞானத்தின் மிக நேர்மையான காலம் அதுவே என்பது என் கருத்து.

அது நெடிது நிலைக்கவில்லை. வுண்டின் மாணவர் ஹியூகோ மூன்ஸ்ரபேர்க் அமெரிக்கா சென்று, தொழிற்றிறன் பற்றி 1913இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் டிராம் வண்டி ஓட்டுநருக்கான சோதனையொன்று விரிவாக விளக்கப்படுகிறது. அங்கே இருக்கைகள் மாறவில்லை. கருவியின் முன் அமர்ந்தவர் தொழிலாளி. எவரை வேலைக்குக் கொள்வது, எவரைத் தள்ளுவது என்பதே கேள்வி.