கயிற்றில் கட்டிய நீச்சல்

விடுமுறைக்குப் புறப்படும் டிரையத்லான் வீரரின் பெட்டியில் ஓட்டக் காலணிகளும் நீச்சல் கண்ணாடியும் எப்படியும் இடம் பிடித்துவிடும். மிதிவண்டிதான் சிக்கல். அதைக் கழற்றி விமானத்தில் ஏற்றுவதா, வீட்டிலேயே விட்டுச் செல்வதா என்ற வாதம் புறப்படுவதற்கு முந்தைய இரவு வரை நீளும். குடும்பத்தாருக்கு அது இரண்டு வார ஓய்வு. அவருக்கோ, மாதக்கணக்கில் உடலில் சேர்த்து வைத்ததெல்லாம் கரைந்துவிடுமோ என்று அஞ்சிக் கழிக்கும் இரண்டு வாரம். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் இப்போட்டி, இன்றைய பெயரோடு 1974 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில், மிஷன் விரிகுடாக் கரையில் நடந்தது. ஆனால் அந்த அச்சத்துக்கு வயது அதிகம். இம்மூன்று விளையாட்டுகளின் வீரர்களும் ஒரே கப்பலின் மேல்தளத்தில் அந்த அச்சத்தோடு மல்லுக்கு நின்ற ஒரு பயணம் 1912இல் நிகழ்ந்திருக்கிறது.

பயணம் பயிற்சியைக் கெடுக்கும் என்பதைப் பண்டைய கிரேக்கர்களும் அறிந்திருந்தனர். ஒலிம்பியாவில் போட்டியிட வருபவர்கள் பத்து மாதம் முறையாகப் பயின்றதாகச் சத்தியம் செய்யவேண்டும்; போட்டிக்கு ஒரு மாதம் முன்பே எலிஸ் நகருக்கு வந்து நடுவர்களின் கண் முன்னே பயிலவும் வேண்டும். கி.பி. 93இல் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த அப்பல்லோனியஸ் என்னும் குத்துச்சண்டை வீரன் தாமதமாக வந்து சேர்ந்தான். எதிர்க்காற்று கப்பலைத் தடுத்துவிட்டது என்றான். அவன் ஊர்க்காரனான ஹெராக்லெய்டிஸ் என்பவனே, காற்றுமில்லை மழையுமில்லை, இவன் அயோனியாவில் பரிசுப் பணம் தரும் போட்டிகளில் சுற்றிக்கொண்டிருந்தான் என்று போட்டு உடைத்தான். அப்பல்லோனியஸ் விலக்கப்பட்டான். பயணத்தின் மேல் பழி போடுவது அவ்வளவு பழைய வழக்கம். இக்கதையைச் சொல்பவர் பௌசானியஸ்.

அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலை விட்டால் வேறு வழியில்லாத காலத்தில் இந்தச் சிக்கல் புதிய வடிவம் எடுத்தது. உணவு வேளை தவறாமல் வரும், அதுவும் தாராளமாக. கால் நீட்டி நடக்கத்தான் இடமிராது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு அமெரிக்கக் குழு 'ஃபின்லாந்து' என்ற பயணிகள் கப்பலை வாடகைக்கு அமர்த்திக்கொண்டது. ஜூன் 14 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய கப்பல், ஆன்ட்வெர்ப் வழியாக ஜூன் 30இல் ஸ்டாக்ஹோமை அடைந்தது. அங்கும் வீரர்களில் பெரும்பாலோருக்குத் தங்குமிடமாகத் துறைமுகத்திலேயே நின்றது.

இதற்கு இரண்டு மாதம் முன்புதான் 'டைட்டானிக்' மூழ்கியிருந்தது. இரண்டு கப்பல்களின் நிறுவனங்களும் ஒரே பெருங்குழுமத்துக்குச் சொந்தமானவை. டைட்டானிக்கின் உடற்பயிற்சிக் கூடத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் ஓய்வுப் பயணியின் உடற்பயிற்சி எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. படகுத் தளத்தில், முதல் வகுப்பாருக்கு மட்டுமான அறை அது. மின்சாரத்தால் அசையும் குதிரை, மின்சார ஒட்டகம், துடுப்புப் போடும் எந்திரம், கடந்த தூரத்தை முள்ளால் காட்டும் பெரிய வட்டத் தகடு பொருத்திய நிலை மிதிவண்டிகள் எல்லாம் அங்கிருந்தன. கீழே ஆறாம் தளத்தில் கடல்நீர் நிரப்பிய நீச்சல் குளம். எந்திரங்கள் சுவீடன் நாட்டு மருத்துவர் குஸ்தாவ் ஸாண்டரின் வழிவந்தவை. அவற்றில் பல, மனிதன் அசையாமலே அவனை அசைத்துக் கொடுப்பவை. ஒட்டகத்தின் மேல் அமர்ந்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். செல்வர்களின் விடுமுறைக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இருக்க முடியாது.

ஆனால் அந்தக் கூடத்துக்கு இன்னொரு காட்சியும் உண்டு. கப்பல் மூழ்கத் தொடங்கிய இரவில், ரிச்சர்ட் நோரிஸ் வில்லியம்ஸ் என்ற இருபத்தொரு வயது டென்னிஸ் வீரர் குளிரிலிருந்து தப்பத் தந்தையோடு அங்கே சென்று மிதிவண்டி மிதித்ததாகச் சொல்லியிருக்கிறார். தந்தை இறந்தார். உறைநீரில் வெகுநேரம் கிடந்த மகனின் கால்களை வெட்டிவிடலாம் என்று மீட்புக் கப்பலின் மருத்துவர் யோசனை சொன்னார். வில்லியம்ஸ் மறுத்துவிட்டு, 'கார்பேத்தியா'வின் தளத்தில் இரவும் பகலும் சில மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்கக் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார்; 1914, 1916 ஆண்டுகளில் ஒற்றையர் பட்டமும், 1924இல் ஒலிம்பிக் தங்கமும் அவருக்கு வந்தன. கப்பல் தளத்தில் நடந்த உடற்பயிற்சிகளில் இதைவிட அவசியமானது ஒன்று இருந்திருக்காது.

'ஃபின்லாந்து' அப்படிப்பட்ட உல்லாசக் கூடம் ஏதும் கொண்டதல்ல. மேல்தளத்தில் மரப்பலகையின் மீது தக்கை விரித்து ஓடுபாதை அமைத்தார்கள். மிதிவண்டி வீரர்களுக்கு நகராத வண்டிகள். நீச்சல் வீரர்களுக்குக் கித்தான் துணியால் ஒரு தொட்டி, அதில் கடல்நீர். இரண்டு கை வீச்சில் மறுகரையைத் தொட்டுவிடக்கூடிய தொட்டியில் எப்படி நீந்துவது? இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை இறுக்கிவிட்டார்கள். நீந்துபவன் முழு வலுவோடு நீந்துவான், ஓரடியும் முன்னேற மாட்டான். ஹவாயியின் வைக்கிக்கி கடற்கரையில் அலைகளின் மேல் வளர்ந்த ட்யூக் கஹனமோகு இப்படிக் கட்டுண்டு நீந்தியதை எண்ணிப் பார்த்தால் சற்று வேடிக்கையாகவும், சற்றுத் துயரமாகவும் இருக்கிறது. கடலின் நடுவே, கடல்நீரிலேயே, கடலுக்குள் இறங்க முடியாமல்!

பலன் என்ன? கஹனமோகு நூறு மீட்டரை 63.4 விநாடிகளில் நீந்தித் தங்கம் வென்றார். மேலாரன் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 320 கிலோமீட்டர் ஓட்டவேண்டியிருந்த மிதிவண்டிப் போட்டி ஜூலை 7 அன்று, அதாவது கரையிறங்கிய ஒரே வாரத்தில், அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கியது. பத்தரை மணி நேரத்துக்கு மேல் நீண்ட அதில் தென்னாப்பிரிக்காவின் ருடால்ஃப் லூயிஸ் வென்றார். அமெரிக்கரான கார்ல் ஷுட்டே வெண்கலம் பெற்றார். பிற்காலத்தில் தளபதியாகப் புகழ்பெற்ற ஜார்ஜ் பேட்டனும் அக்கப்பலில் இருந்தவர். சுடுதல், நீச்சல், வாள்வீச்சு, குதிரையேற்றம், ஓட்டம் என்ற ஐந்தையும் கொண்ட நவீனப் பெண்டத்லானில் முதல் ஏழு இடங்களில் ஆறு சுவீடன்காரர்களுக்குப் போக, எஞ்சிய ஐந்தாம் இடம் அவருக்கு. ஜிம் தோர்ப் மட்டும் பயணம் முழுவதும் தூங்கிக்கொண்டே வந்து இரண்டு தங்கம் வென்றார் என்று பத்திரிகையாளர்கள் ஒரு கதையைப் பரப்பினார்கள். உடன் பயணித்த வீரர்கள் சிலரின் நினைவுகளோ அவர் எல்லோரையும் போலத் தளத்தில் ஓடினார் என்கின்றன. உழைக்காமல் வெல்லும் 'இயற்கை மனிதன்' என்ற பிம்பம் ஒரு செவ்விந்தியருக்கு ஒட்டவைக்க வசதியாக இருந்தது என்பதே என் எண்ணம்.

எல்லாக் கப்பல்களும் இப்படி அமையவில்லை. 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குச் சென்ற 'பிரின்சஸ் மடோய்க்கா' போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் உடல்களைச் சுமந்து வந்த ராணுவக் கப்பல். அதன் நெரிசலும் நாற்றமும் தாளாமல் வீரர்கள் கிளர்ச்சியே செய்தார்கள். அங்கும் கித்தான் தொட்டி உண்டு, கயிறும் உண்டு. ஈட்டி எறிபவர்கள் ஈட்டியிலும் கயிற்றைக் கட்டிக் கடலுக்குள் எறிந்து இழுத்துக்கொண்டார்கள். 1936இல் பெர்லினுக்குச் சென்ற 'மன்ஹாட்டன்' இதற்கு நேர் எதிர், அது சொகுசுக் கப்பல். அங்கே பகை நாற்றமல்ல, சாப்பாட்டு மேசை. ஐயாயிரம் மீட்டர் ஓட்டக்காரரான லூயி ஸாம்பரினி ஒன்பது நாளில் பன்னிரண்டு பவுண்டு எடை கூடினார். 1932இல் தங்கம் வென்ற நீச்சல் வீராங்கனை எலினர் ஹோம், கப்பலில் மது அருந்தியதற்காக அணியிலிருந்தே நீக்கப்பட்டார். நீக்கியவர் ஏவரி பிரண்டேஜ். அவரும் 1912இல் 'ஃபின்லாந்தில்' வீரராகப் பயணித்தவர்தான்.

அதே ஆண்டு இந்திய ஹாக்கி அணி பம்பாயிலிருந்து மார்செய் வரை கப்பலிலும் பிறகு ரயிலிலுமாகப் பெர்லினை அடைந்தது. ஹாக்கியைக் கப்பல் தளத்தில் முழுமையாக ஆட முடியாது. வந்து சேர்ந்த சில நாட்களில், ஜூலை 17 அன்று, ஜெர்மனியுடனான பயிற்சி ஆட்டத்தில் அணி 4–1 என்று தோற்றது. ஆட்டக்காரர் தேர்விலும் குறை இருந்தது என்பதால் பயணத்தை மட்டும் குற்றம் சொல்ல இயலாது. தியான் சந்தும் தோழர்களும் அதன்பின் கிடைத்த வாரங்களில் முழு மூச்சாக ஆடிப் பயின்றார்கள். இந்தியாவிலிருந்து தாரா என்ற ஆட்டக்காரரும் வரவழைக்கப்பட்டார். ஆகஸ்ட் 15 இறுதி ஆட்டத்தில் அதே ஜெர்மனியை 8–1 என்று வென்றார்கள். கிரேக்கர்கள் வற்புறுத்திய அந்த ஒரு மாதம் வீணான விதியல்ல.

அந்தப் பயிற்றுநர்கள் அனுபவத்தால் தடவிக் கண்டதை அளந்து பார்த்தது பின்னாளைய ஆய்வு. 1984இல் எட்வர்ட் கோயில் குழுவினர், நன்கு பயின்ற வீரர்களைப் பயிற்சியை அறவே நிறுத்தச் செய்து சோதித்தனர். உடல் பிராணவாயுவை உட்கொள்ளும் உச்சத் திறன் முதல் 21 நாட்களில் 7 விழுக்காடு சரிந்தது. 56 நாட்களில் 16 விழுக்காடு குறைந்து அங்கே நின்றது. இதைவிடப் பயனுள்ளவை ராபர்ட் ஹிக்சன் 1980களில் நடத்திய சோதனைகள். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் என்று பத்து வாரம் பயின்றவர்களிடம் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார். நாட்களை இரண்டாகக் குறைத்தாலும் அந்த உச்சத் திறன் பதினைந்து வாரம் நிலைத்தது. நேரத்தைப் பதின்மூன்று நிமிடமாகச் சுருக்கினாலும் நிலைத்தது. நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் மட்டும் சற்றுக் குறைந்தது. ஆனால் பயிற்சியின் கடுமையைக் குறைத்தபோது எல்லாமே சரிந்தன.

இதை வைத்துக்கொண்டு 'ஃபின்லாந்தை' மறுபடி பார்க்கலாம். அங்கே நெடுந்தூரம் ஓட வழியில்லை, குறுகிய பாதையில் விரைந்து ஓடத்தான் முடியும். தொட்டியில் முறை வைத்து, சில நிமிடம் முழு வலுவோடு கயிற்றை இழுக்கத்தான் முடியும். இடமின்மை நேரத்தைப் பறித்ததே தவிர, கடுமையைப் பறிக்கவில்லை. விடுமுறையில் தினமும் மூன்று மணி நேரம் மெதுவாக ஓடித் தன்னையும் குடும்பத்தையும் வதைப்பவர், எது தேவையில்லையோ அதைத்தான் காப்பாற்றுகிறார். வாரத்தில் இரண்டு மூன்று நாள், மற்றவர்கள் எழும் முன், அரைமணிக்குள் மூச்சிரைக்க முடித்துக்கொண்டால் கடற்கரையும் கோயிலும் சந்தையும் அவருக்கும் மிஞ்சும்.

டிரையத்லானே ஓர் ஊர்விட்டு ஊர் வந்த சங்கதிதான். மிஷன் விரிகுடாவில் பங்கேற்றவர்களில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் ஒருவர். பணி அவரை ஹவாயிக்குக் கொண்டுசென்றது. அங்கே வைக்கிக்கி கடல் நீச்சல், ஓவாஹு தீவைச் சுற்றும் மிதிவண்டிப் பந்தயம், ஹோனலூலு மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் கோத்து, 1978 பிப்ரவரி 18 அன்று முதல் 'அயர்ன்மேன்' போட்டியை அவரும் மனைவி ஜூடியும் நடத்தினர். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42 கிலோமீட்டர் ஓட்டம். பதினைந்து பேர் தொடங்கினர், பன்னிரண்டு பேர் முடித்தனர். ட்யூக் கஹனமோகு காலமாகிப் பத்தாண்டு ஆகியிருந்தது. கப்பலில் கயிறு கட்டி நீந்திய அவர், கட்டின்றி நீந்தி வளர்ந்த நீர் அதுவே.

விடுதிகளின் சிறு குளங்களில் நீந்துவதற்கென்று இடுப்புப் பட்டையும் நீளும் கயிறும் கொண்ட கருவி ஒன்று இன்று கடைகளில் கிடைக்கிறது. ஒரு முனையைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டு, மறு முனையில் நின்ற இடத்திலேயே நீந்தலாம். மடித்தால் காலணிக்குள் அடங்கிவிடும். 'ஃபின்லாந்தின்' கயிற்றுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, இது ரப்பர் என்பது மட்டுமே.