பதிலீட்டுக் கட்டளையும் ஒலியனியல் விதியும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

கணிப்பொறியில் உள்ள உரையைச் சீர்செய்யப் பயன்படும் பதிலீட்டுக் கட்டளை நிரலாளர்க்கே உரிய கருவி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் அதன் வரலாறு மொழியியலுக்கு மிக அணித்தே செல்வதாகும்.

இதற்கு அடிப்படையான ரெகுலர் எக்ஸ்பிரஷன் (ஒழுங்குக் கோவை எனலாம்) ஸ்டீபன் கிளீனி என்னும் கணித அறிஞரின் ஆய்வில் தோன்றியது. மெக்கல்லக், பிட்ஸ் ஆகியோர் 1943இல் அமைத்த நரம்புவலை மாதிரியை ஆராய்ந்து அவர் 1951இல் எழுதிய அறிக்கை 1956இல் நூலில் இடம்பெற்றது. ‘ரெகுலர்’ என்னும் சொல்லில் அவருக்கே நிறைவில்லை. பொருத்தமான வேறு சொல் கிடைப்பின் ஏற்பதாகக் குறித்தார். கலைச்சொல்லாக்கத்தில் இடர்ப்படும் மொழிபெயர்ப்பாளர்க்கு இஃது ஓர் ஆறுதல்.

1968ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. கென் தாம்சன் இக்கோவைகளைக் கொண்டு உரையில் தேடும் முறையை அவ்வாண்டு வெளியிட்டார். அவர் யூனிக்ஸ் அமைப்புக்கு எழுதிய ‘எட்’ பதிப்பானில், தேடும் வடிவத்தையும் அதற்கு மாற்றாக வருவதையும் சாய்கோடுகளுக்கிடையே தரும் ‘எஸ்’ கட்டளை இருந்தது. நன்னூலார் கூறும் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் இவ்வொரு கட்டளையில் அடங்கும். பின்னர் லீ மக்மஹனின் ‘செட்’, மொழியியல் பயின்ற லாரி வாலின் ‘பெர்ல்’ (1987) ஆகியன இதனை விரித்தன.

அதே 1968இல் சாம்ஸ்கியும் ஹாலேயும் ஆங்கில ஒலியனியல் நூலை வெளியிட்டனர். இன்ன சூழலில் இன்னது இன்னதாகும் என்பதே அவர்தம் விதியின் வடிவம். தன் விளைவின்மீதே மீண்டும் செயற்படாத விதிகளை முடிவுநிலைப் பொறியால் நிகழ்த்தலாம் என டக்ளஸ் ஜான்சன் 1972இல் காட்டினார். அது நெடுங்காலம் கவனம் பெறவில்லை. கப்லான், கே ஆகியோரின் 1994ஆம் ஆண்டுக் கட்டுரையே இதனை விரிவாக நிறுவியது.

சூழல் ஏன் இன்றியமையாதது என்பதற்குத் தமிழ்த் தட்டச்சே சான்று. ‘ஔ’ என்பதை ஒகரமும் ளகரமுமாக அடிப்போர் பலர். ‘ஒள’ வருமிடமெல்லாம் ‘ஔ’ என்று மாற்றினால் ஒளவையார் ஔவையார் ஆவார். ஆனால் ஒளியும் ஒளிவும் சிதையும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதவிடத்து மட்டும் மாற்றுக என்று சூழலை வரையறுத்தல் வேண்டும். தாம்சன் முறையில் இல்லாத இம்முன்னோக்கு நிபந்தனை 1994இல் பெர்லின் 5ஆம் பதிப்பில் வந்தது. இதே நிபந்தனையால் ‘கெளதமன்’ கௌதமன் ஆகும். கெளுத்தி மீன் கெளுத்தியாகவே நிற்கும்.